இரண்டாவது ர

சிங்களத்தில்தான் முதலில் சொன்னார்: ரித்மே வெரதியி.
பேனாவால் வரைபடத்தைத் தட்டினார்.
பிறகு என் பெயரைப் பார்த்துவிட்டு
ஆங்கிலத்தில் ஒருமுறை: அரித்மியா.
தமிழில் சொல்ல அங்கே ஆளில்லை.
அந்த ஆள் நான்தான்.
இதே ஆஸ்பத்திரியின் துண்டுப்பிரசுரங்களைப்
பக்கத்துக்கு இவ்வளவென்று தமிழாக்குபவன்.
'இதயத் துடிப்பொழுங்கின்மை' என்று
போன மார்கழியில் இந்தக் கையால் எழுதினேன்.
சொல்லி முடிப்பதற்குள் மூன்று துடிப்புப் போய்விடும்,
நான்காவதைப் பற்றி உத்தரவாதமில்லை.

நெஞ்சில் ஐந்து ஒட்டுகள், இடுப்பில் சிறு பெட்டி,
இருபத்துநான்கு மணித்தியாலம். குளிக்கக்கூடாது.
ஒரு தாளும் தந்தார்கள்:
நேரம், என்ன செய்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள்.
தமிழ்த் தலைப்பில் ஒரு ந் விழுந்திருந்தது.
அது என் பிழையல்ல.
ஆனாலும் பேனாவால் செருகினேன்.

10.40. மருதானை. பஸ்ஸில் நின்றபடி. ஒன்று தவறியது.
12.15. கொட்டாஞ்சேனை. மாடிப்படி. இரண்டு சேர்ந்து வந்தன.
2.00. அகராதி.

ரித்மொஸ் என்றது அகராதி, கிரேக்கம்,
ஓடுதல் என்ற வேரிலிருந்து, ஆறு ஓடுவதுபோல.
உறுதியில்லை என்றது அடிக்குறிப்பு.
ஓடுவதல்ல, ஓடுவதைப் பிடித்து நிறுத்தும் வடிவம்
என்பாரும் உளர்.
களனி கங்கை பெருகிய வருடம்
கொலன்னாவையில் மச்சான் வீட்டு ஜன்னல்வரை நின்ற தண்ணீர்
இரண்டையும் செய்ததை நான் கண்டிருக்கிறேன்.

முன்னால் ஓர் அ. இல்லை என்று சொல்லும் அ,
நீதியை அநீதியாக்குகிற அதே அ.
அது வந்து ஒட்டினால் அடுத்த ர இரட்டிக்குமாம்.
எழுத்தில் இரண்டு, வாயில் ஒன்று.
தெரிந்து செய்தார்களோ என்னவோ,
சொல்லுக்குள்ளேயே ஒரு துடிப்பு அதிகம்.

நாங்கள் ர-வில் தொடங்கமாட்டோம்.
ராசாவுக்கு முன்னால் ஓர் இ,
ரத்தத்துக்கும்கூட.
வேளைக்கு முந்திய சின்ன உதைப்பு,
அதற்குப் பிறகுதான் ஓட்டம்.
டொக்டர் சிவப்பால் வட்டமிட்டிருந்ததும்
அப்படி முந்தி வந்த ஒன்றைத்தான்.

11.50. கட்டில். துறைமுகத்தில் கொள்கலன் இறக்குகிறார்கள்.
டங்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
டங், டங்.
அதற்கு யாரும் நோயென்று பெயர் வைக்கவில்லை.

பிலோமினா வயர்களை ஒதுக்கிவிட்டுக் காதை வைத்தாள்.
முப்பத்தொரு வருடமாக இந்தப் பக்கந்தான் படுக்கிறாள்.
"இது எப்பவும் இப்பிடித்தானே" என்றாள்.
"கலியாணம் முடிச்ச கிழமையே கேட்டனான்.
எல்லா ஆம்பிளையளுக்கும் இப்பிடித்தான் எண்டு நினைச்சன்."

சிரிக்க வந்தது, பெட்டி பதிந்துவிடுமே என்று அடக்கினேன்.
'இது' என்றாளே, அதில் நின்றுவிட்டேன்,
தொழில் புத்தி.
கிரேக்கருக்கு அ என்றால் இல்லை.
எங்களுக்கு அ என்றால் எட்ட இருப்பது:
அது, அங்கே, அலைதடுப்புக்கு அப்பால் நங்கூரமிட்ட அந்தக் கப்பல்.
கைக்கெட்டுவதற்கு இ.
காலையில் சொன்னது அ-வில் தொடங்கியது.
இவள் இ-யில் தொடங்குகிறாள்,
நித்திரையும் ஆகிவிட்டாள்,
காது இன்னும் அங்கேயே.
இல்லை, இங்கேயே.

'என்ன உணர்ந்தீர்கள்' கட்டத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.
ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

அடுத்த நாள் தாதி தாளைப் புரட்டினாள்.
ராத்திரி ஒன்றுமே எழுதவில்லையே?
நித்திரை என்றேன்.
ஒட்டுகளைப் பிய்த்தாள், ஐந்து இடத்திலும் மயிர் போனது.
கட்டிய முற்பணத்தைக் காசாளர் நூறு நூறாக எண்ணித் தந்தார்.
வாசலில் நின்று நான் மறுபடி எண்ணினேன்.
ஒன்று கூட இருந்தது.
திரும்பிப் போய்க் கொடுத்தேன்.